ஜெராம் தோட்டங்களும் கடல் கடந்த கடிதங்களும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், மலாக்கா நீரிணையின் கரையில் அமைந்த மீனவர் சிற்றூர் ஜெராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வட்டாரக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. தமிழ்நாட்டினின்று தொழிலாளர் வந்தனர்; அவரைத் தொடர்ந்து தமிழ்க் கடிதங்களும் வந்தன.

சிலாங்கூர் 1891ஆம் ஆண்டில் பாயும் புலி பொறித்த தனி அஞ்சல் தலையை வெளியிட்டது. 1896ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்கள் உருவாயின. புதிய கூட்டாட்சியின் அஞ்சல் தலையிலும் புலியே இடம்பெற்றது. 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலே கடிதத்தைச் சுமந்தது. ஆதலின் கப்பல் வரவை எண்ணியே தோட்டத்தார் கடிதத்தை எதிர்பார்த்தனர்.

தொழிலாளியின் முகவரி தோட்டத்தின் பெயரே. லயத்து வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் சேரும், கிராணியார் பெயர் சொல்லி வழங்குவார். படிக்கத் தெரியாதோர் பள்ளி ஆசிரியரை நாடினர். தாயின் நோயும் தங்கையின் திருமணமும் மணியார்டர் வேண்டுகோளும் பிறர் வாய்வழியே கேட்கவேண்டிய நிலை அது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளியில் எழுத்தறிந்த பிள்ளை தந்தையின் கடிதத்தைத் தானே படித்தபோது, வீட்டுச் செய்தி மீண்டும் வீட்டுக்கு உரியதாயிற்று.

சப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை இந்தியாவுடன் வழக்கமான அஞ்சல் தொடர்பு அற்றது. அக்காலத்திலேதான் மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், மாண்டோர் பலர். கரைக்கு அப்பால் காத்திருந்த குடும்பங்களுக்கு அச்செய்தியைக் கொண்டு செல்லக் கடிதமும் இல்லை. 1945ஆம் ஆண்டில் பிரிட்டிசு இராணுவ ஆட்சியின் மேலச்சிட்ட அஞ்சல் தலைகள் புழங்கலாயின. அஞ்சல் மீண்டது, மாண்டவர் மீளவில்லை.

1957ஆம் ஆண்டு விடுதலைக்குப் பின் மலாயாவில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடங்களைச் செம்பனை பிடித்தது. தோட்டம் மறைந்தால் முகவரியும் மறையும். ஜெராமின் இன்றைய அஞ்சல் குறியீடு 45800. அவ்வெண்ணில் பழைய தோட்டப் பெயர்கள் இல்லை. அப்பெயர்களைத் தாங்கிய உறைகள் ஏதேனும் பழைய தகரப் பெட்டிகளில் எஞ்சியிருப்பின் அவை குப்பை அல்ல. தொழிலாளர் தம் சொல்லால் விட்டுச்சென்ற வரலாறு. அன்று கடிதம் படித்துக் காட்டிய ஆசிரியரின் வழியில் வந்தோர் இன்று அவற்றைத் திரட்டிக் காத்தல் வேண்டும்.