ஷெல்: ஒரு சொல், பல பொருள்

தரம் 3இல் படிக்கும் மகள் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, ஷெல் எண்டால் சிப்பிதானே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பதுங்குகுழிதான்.

ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் எங்கள் ஊர்களில் தெரிந்த சொல் இது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

ஷெல் பழைய ஆங்கிலச் சொல். உள்ளே இருப்பதை மூடிக் காக்கும் கடினமான கோது என்பதே அதன் அடிப்படைப் பொருள். சிப்பி, நத்தை, ஆமை, முட்டை, கச்சான் எல்லாவற்றின் கோதுக்கும் ஆங்கிலத்தில் இதுதான் பெயர்.

17ஆம் நூற்றாண்டில், வெடிமருந்து நிரப்பிய பொள்ளலான இரும்புக் குண்டுக்கும் இப்பெயர் வந்தது. கோதுக்குள் பருப்பு இருப்பதுபோல இரும்புக்குள் மருந்து. நாம் எறிகணை என்கிறோம். தமிழ்ச் சொல் அது எறியப்படுவதைச் சொல்கிறது; ஆங்கிலச் சொல் அதன் கோதைச் சொல்கிறது.

ஷெல் எரிபொருள் நிறுவனத்தின் பெயர் குண்டிலிருந்து வந்ததல்ல. 1897இல் அதைத் தொடங்கிய மார்கஸ் சாமுவேலின் தந்தை லண்டனில் கடற்சிப்பி வியாபாரம் செய்தவர்.

முதலாம் உலகப் போரில் நடுக்கம், நித்திரையின்மை, பேச்சிழப்பு என்று அவதிப்பட்ட படையினரின் நிலையை 'ஷெல் ஷொக்' என்றார்கள். 1915இல் மருத்துவர் சார்ள்ஸ் மையர்ஸ் அதை மருத்துவ இதழில் எழுதினார். குண்டு அருகில் விழாதவர்களுக்கும் அந்த நிலை வந்ததால், அந்தப் பெயர் பொருந்தாது என்று பின்னர் அவரே கருதினார். மனவடு என்ற நம் சொல் இன்னும் சரியாகப் பொருந்துகிறது.

கூரை போய், சுவர் மட்டும் நிற்கும் வீட்டையும் ஆங்கிலத்தில் ஷெல் என்பார்கள். 2009இற்குப் பிறகு மீள்குடியேறப் போன எங்களில் பலர் கண்டது அதைத்தான். ஷெல் விழுந்து ஷெல்லான வீடு.

மற்றப் பொருள்களையும் மகளுக்கு ஒருநாள் சொல்வேன். மறைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் அவளுக்கு இந்தச் சொல் சிப்பியில் தொடங்கியிருக்கிறது. எனக்கு அப்படித் தொடங்கவில்லை.