கயோ, ழாக் (1935–2023)

பிரெஞ்சுக் கத்தோலிக்க ஆயர். சான் திசியேயில் பிறந்தார். கட்டாய ராணுவச் சேவைக்காக, போர் நடந்துகொண்டிருந்த அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1982-இல் எவ்ரு மறைமாவட்ட ஆயரானார்.

அடுத்த ஆண்டே, அணு ஆயுத அச்சுறுத்தல் கொள்கையை ஏற்ற பிரெஞ்சு ஆயர்களின் அறிக்கைக்கு எதிராக வாக்களித்தார். 1987-இல் தம் மறைமாவட்டத்தாரின் லூர்துத் திருப்பயணத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்கா போனார். நிறவெறியை எதிர்த்துச் சிறைப்பட்டிருந்த எவ்ரு இளைஞர் ஒருவருக்கு ஆதரவான பயணம் அது. அவருடைய இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. எய்ட்ஸைத் தடுக்க ஆணுறை வேண்டும், மணமானவர்களும் குருக்களாகலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். ஓரினச் சேர்க்கையாளர்களுக்காகவும் குரல் கொடுத்தார்.

ரோம் பொறுக்கவில்லை.

பதவி விலக மறுத்தவரை 1995 ஜனவரி 13 அன்று வத்திக்கான் எவ்ருவிலிருந்து நீக்கியது. ஆயர் பட்டம் மட்டும் மிஞ்சியது. அதற்கென, அல்ஜீரியாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன பார்த்தேனியா மறைமாவட்டத்தின் பெயர் தரப்பட்டது. மக்களில்லாத அந்த மறைமாவட்டத்தை அவர் இணையத்தில் உயிர்ப்பித்தார். பாரிசில் வீடற்றோர் குடியேறியிருந்த திராகோன் தெருக் கட்டடத்தில் அவர்களோடு தங்கினார். ஆவணமற்ற குடியேறிகளின் போராட்டங்களிலும் துணைநின்றார். மறைமாவட்டத்தை இழந்தபின் அவருடைய பணி விரிந்ததே தவிரச் சுருங்கவில்லை.

2015 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் சந்தித்தார். 2023 ஏப்ரல் 12 அன்று பாரிசில் காலமானார்.