துக்கியிம்: விவிலியத்தில் ஒரு தமிழ்ச் சொல்லா?

பீளமேட்டிலிருந்து சூலூர், இருகூர்ப் பக்கம் போனால் தோட்டங்களில் மயில்கள் அகவுவதைக் கேட்கலாம். இந்தப் பறவைக்கு எபிரேய விவிலியத்தில் ஓர் அரிய பெயர் உண்டு. அது 'துக்கியிம்'. அதன் பொருளையும் அது நமக்குத் தரும் செய்தியையும் இங்கே சிந்திப்போம்.

எங்கே வருகிறது?

பழைய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது: 1 அரசர் 10:22, அதற்கு இணையான 2 குறிப்பேடு 9:21. சாலமோன் அரசரின் தர்சீசுக் கப்பல்கள், தீர் மன்னர் ஈராமின் கப்பல்களோடு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு 'துக்கியிம்' கொண்டு வந்தன.

'இம்' என்பது எபிரேயத்தில் பன்மை விகுதி. கெருபிம், செராபிம் என்று நாம் பாடல்களில் கேட்பதும் இதே விகுதிதான். அதை நீக்கினால் எஞ்சுவது 'துக்கி'.

தோகையும் துக்கியும்

1856-இல் வெளிவந்த தமது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், 'துக்கி' என்பது தமிழின் 'தோகை'யே என்றார். தோகை மயிலின் வால். நம் பழைய இலக்கியங்களில் மயிலையே குறிக்கும் பெயருமாகும். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகவே இருக்கலாம் என்பது அவர் கருத்து. மயில் நம் நாட்டுக்கு உரிய பறவை என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் அறிஞர் எல்லாரும் இதை ஏற்கவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முதன்மையான ஏட்டில் இவ்விரு இடங்களிலும் மயில் இல்லை. புனித எரோணிமுஸ் இலத்தீனில் 'மயில்கள்' என்றே பெயர்த்தார். நம் தமிழ் விவிலியமும் அப்படியே. சில ஆங்கிலப் பதிப்புகளோ இதை வேறொரு குரங்கு வகை என்கின்றன. எகிப்திய மொழியில் குரங்குக்கு இதை ஒத்த சொல் இருப்பதே காரணம். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி! எனவே, 'விவிலியத்தில் தமிழ்' என்று மகிழலாம். முடிந்த முடிவு என்று அடித்துச் சொல்ல முடியாது.

அரண்மனைக்குத் தோகை, மக்களுக்கு நுகம்

சொல்லின் பிறப்பைவிட, அது நிற்கும் இடம் முக்கியம். அரசர் தமக்கெனக் குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் பெருக்கிக்கொள்ளக் கூடாது என்று இணைச் சட்டம் 17:16-17 எச்சரிக்கிறது. 1 அரசர் 10, 11 அதிகாரங்களில் சாலமோன் இவை அனைத்தையும் பெருக்குகிறார். மயில் அந்த ஆடம்பரப் பட்டியலின் கடைசிப் பொருள். உண்ணவோ உழவோ அல்ல, பார்த்து வியக்கவே அது கடல் கடந்து வந்தது.

அந்த ஆடம்பரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 12-ஆம் அதிகாரத்தில் மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் வந்து, தந்தை சுமத்திய நுகத்தைக் குறைக்கும்படி மன்றாடுகிறார்கள். அவர் மறுக்க, நாடு இரண்டாகப் பிளக்கிறது.

இது நமக்கும் பொருந்தும். கடன் வாங்கி நடத்தும் ஆடம்பரத் திருமணங்களும், அயலாரை வியக்க வைக்கக் கட்டும் வீடுகளும் நம் 'துக்கியிம்' அல்லவா? கூலி குறைக்கப்பட்ட ஒருவர் நம் தோகையின் விலையைச் சுமக்கிறாரா என்று கேட்டுப் பார்ப்போம். சாலமோனின் மேன்மையைவிடக் காட்டுமலர் அழகானது என்று ஆண்டவர் இயேசு சொன்னதன் பொருள் (மத்தேயு 6:28-29) அப்போது விளங்கும்.

உயிர்ப்பின் அடையாளம்

மயில் ஆடம்பரத்தோடு நின்றுவிடவில்லை. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் கல்லறைகளில் வரைந்தார்கள். மயிலின் இறைச்சி அழுகாது என்ற நம்பிக்கை அன்று இருந்தது. புனித அகுஸ்தீனும் 'கடவுளின் நகர்' நூலில் இதைக் குறிப்பிடுகிறார். மேலும், மழைக்காலம் கழிந்ததும் மயில் தன் தோகையை உதிர்க்கிறது. பின்பு அது புதிதாய் வளர்கிறது. இதனால் அரசரின் காட்சிப் பொருள், எளியவர் கல்லறையில் உயிர்ப்பின் அடையாளமாயிற்று.

காட்டுவதற்காகச் சேர்த்ததை உதிர்ப்போம். இறைவன் தரும் புதுவாழ்வை அணிந்துகொள்வோம்.