3,900 சாம்பிள் தகராறு

1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் சோனி நிறுவனப் பொறியாளர்களுக்கு ஒரு விநோதத் தலைவலி. இசையை எண்களாக்கும் வித்தை கைவந்துவிட்டது. அந்த எண்களை எங்கே கொட்டி வைப்பது? ஒரு விநாடி ஸ்டீரியோ இசைக்கே சுமார் 14 லட்சம் பிட்டுகள் வேண்டும். அன்றைய கணினி டிஸ்க்குகளுக்கு அது கட்டுப்படியாகாத சுமை. ஆனால் அவ்வளவையும் தாங்கக்கூடிய சாதனம் ஒன்று தொலைக்காட்சி நிலையங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அது வீடியோ டேப். 1978இல் வந்த சோனியின் பிசிஎம்-1600 கருவி, ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அடுக்கி, "இதுவும் ஒரு டிவி படம்தான்" என்று வீடியோ ரெக்கார்டரை நம்பவைத்தது. படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் ஸ்டீரியோவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று சாம்பிள், அதாவது ஒலியை அளந்தெடுத்த மூன்று எண்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் பயன்படக்கூடிய கோடுகள் 245, விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் விநாடிக்கு 44,100 சாம்பிள். ஐரோப்பிய முறையில் கோடுகள் 294, விநாடிக்கு 50 முறை. அதையும் பெருக்கினால், அதே 44,100! மனிதக் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை; அதைப் பிடிக்க இரு மடங்குக்குச் சற்று மேல் சாம்பிள் போதும் என்ற கணக்குக்கும் இது பொருந்தியது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடியை வடிவமைத்தபோது இந்த எண்ணையே எடுத்துக்கொண்டன. 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது. வீடியோ டேப் போய்விட்டது, அதன் எண் மட்டும் தங்கிவிட்டது. எல்லாம் சுபம் என்று இருந்திருக்கும், சினிமாக்காரர்கள் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம். 44,100ஐ 24ஆல் வகுத்தால் 1,837.5. அரை சாம்பிளை எங்கே வெட்டுவது? 48,000 என்றால் வம்பே இல்லை: 24 படத்துக்கு 2,000, ஐரோப்பிய டிவியின் 25 படத்துக்கு 1,920, 30 படத்துக்கு 1,600. படத் தொழில் 48,000 பக்கம் சாய்ந்தது. இசைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு கணக்குகள். சிங்கப்பூர் தேக்காவின் கடைகளில் தமிழ்ப் பட விசிடிகளும் டிவிடிகளும் ஒரே அலமாரியில் நின்ற நாட்களில் விசிடிக்குள் இருந்தது 44,100, டிவிடிக்குள் 48,000. அந்தந்தத் தட்டை அதனதன் பிளேயர் சரியாகப் புரிந்துகொண்டதால் சண்டை வெளியே தெரியவில்லை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்து சேரும் நாள் வரை.

அந்தப் பெட்டி கணினி. அதற்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சிங்கப்பூரர். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ, ஹார்மோனிகா வாசித்தவர். 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடையாக கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் பேசவும் இசைக்கவும் தெரிந்த 'கியூபிக் சிடி' (Cubic CT) என்ற கணினியைக் கொண்டுவந்தார். படுதோல்வி. கணினி விற்காவிட்டால் போகட்டும், அதன் ஒலித் திறனை மட்டும் தனி அட்டையாக விற்றால் என்ன என்று தோன்றியது. அதுவும் முதலில் சரியாகப் போகவில்லை. கனடாவின் ஆட்லிப் அட்டை அமெரிக்கச் சந்தையை முந்திப் பிடித்திருந்தது.

1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரில் அவர் ஆட்லிப் வைத்திருந்த அதே யமஹா சிப்பைப் பொருத்தினார். கூடவே பதிவுசெய்த ஒலியை இயக்கும் வசதி. அதற்கும் மேலே, ஜாய்ஸ்டிக் செருகும் துளை ஒன்று. அந்தத் துளைக்காகவே வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். 1992இல் சவுண்ட் பிளாஸ்டர் 16, சிடியின் 44,100ஐ ஸ்டீரியோவில் எட்டிப் பிடித்தது. அதே ஆண்டு, அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனமானது கிரியேட்டிவ். அடுத்த ஆண்டே சாம்பிளர் இசைக்கருவிகளுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் ஈ-மு நிறுவனத்தை வாங்கினார் சிம். வம்பும் அங்கிருந்துதான் வந்தது.

ஈ-முவின் திறமையில் பிறந்த சிப்போடு 1998இல் வெளியான 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்!' அட்டைக்கு உள்ளே ஓடியது ஒரே வேகம்: 48,000. சிடி பாட்டோ எம்பி3யோ, 44,100இல் எது வந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் பத்து நிமிடக் கச்சேரி 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையையும் தாண்டிக் கீச்சிடுவார். மாற்றுவதும் லேசல்ல. ஒவ்வொரு 147 சாம்பிளும் 160 ஆக வேண்டும். புதியவற்றில் பெரும்பாலானவை எங்கும் பதிவாகாத மதிப்புகள், அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணித்தவை. கணிப்பு முரடாக இருந்தால் உயர்ந்த சுரங்களில் இல்லாத ஒலிகள் முளைக்கும். விமர்சகர்கள் அளந்து வரைபடம் போட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அது காதில் விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் வரைபடத்தைப் பார்த்த பிறகு விழாமல் இருக்குமா? 2001இல் வந்த ஆடிஜி அட்டையிலும் அதே 48,000, அதே முணுமுணுப்பு.

2005இல் கிரியேட்டிவ் பதில் சொன்னது. எக்ஸ்-ஃபை சிப்பில் 5 கோடியே 10 லட்சம் டிரான்சிஸ்டர்கள். அதன் கணக்குப் போடும் திறனில் பெரும் பங்கு போனது ஒரே வேலைக்கு: சாம்பிள் ரேட் மாற்றம். 44,100 உள்ளே போய் 48,000 ஆக வெளியே வந்தால் அளவுக் கருவிக்கும் குறை தெரியாத அளவுக்குச் சுத்தம். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்கொயரின் கணினிக் கடைகளுக்கும் அது வந்தது. பழைய தகராறு தீர்ந்தது. ஆனால் அந்த வெற்றியை அனுபவிக்கக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான்.

2007 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விஸ்டாவைக் கடைகளுக்கு அனுப்பியது. ஒலிகளைக் கலப்பதையும் சாம்பிள் ரேட் மாற்றுவதையும் அதில் மென்பொருளே எடுத்துக்கொண்டது. ஒலி வேலையை நேரடியாக அட்டையிடம் ஒப்படைக்கும் பழைய வழி அடைபட்டது. புராசஸர்களுக்கு வேகம் கூடியிருந்தது, மதர்போர்டிலேயே போதுமான ஒலிவசதி இலவசமாக வந்தது. தனி அட்டை வாங்க எதற்குச் செலவு என்று பலர் விட்டுவிட்டார்கள். எக்ஸ்-ஃபை சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைக் கேட்ட வேலை, யார் கண்ணிலும் படாத சில வரி நிரலாகி வேறொரு சாதனத்துக்குக் குடிபோனது.

அந்தச் சாதனம் கைபேசி. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்கு நிற்பவரின் காதில் ஓடும் பாட்டு பெரும்பாலும் 44,100. அதை நிறுத்திவிட்டு அவர் பார்க்கும் வீடியோ 48,000. நடுவே 'டிங்' என்று விழும் குறுஞ்செய்தி ஒலி எந்தக் கணக்கோ. எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கலந்து தருகிறது கைபேசி. மேடை நிகழ்ச்சிகளுக்கு வீடியோ சர்வர் ஓட்டுபவர்களுக்கு மட்டும் அந்தத் தானியங்கி மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. சர்வரின் ஒலிக் கடிகாரம் 48,000இல் பூட்டப்பட்டிருக்கும்போது பாட்டுக் கோப்பு 44,100இல் வந்தால் சத்தமே வராமல் போகலாம், அல்லது டிக் டிக் என்று வெட்டலாம். அதனால் நிகழ்ச்சிக்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளில் போட்டு 48,000க்கு மாற்றிவிட்டுத்தான் சர்வரில் ஏற்றுகிறார்கள். ஒரு பாட்டுக்குச் சில விநாடி வேலை.