அழகன்குளத்து மண்ணில் யாருடைய கை?

திருப்பாலைக்குடியில் நம் படிப்பு வட்டம் கூடியபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "கீழடி, கீழடின்னு எல்லாரும் பெருமை பேசுறாங்க. அந்தப் பெருமையில நமக்குப் பங்கு இருக்கா அக்கா?" பதிலை மண்ணிலேயே தேடுவோம் என்று அடுத்த ஞாயிறு கிளம்பினோம். தேவிபட்டினம், இராமநாதபுரம் வழியாக அழகன்குளம்.

வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்குள்ள கோட்டைமேட்டில் 1986-87இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. ரோமானியக் காசுகள், மேலைநாட்டு மதுச்சாடித் துண்டுகள், தமிழி எழுத்துகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. 2000 ஆண்டுகளுக்கு முன் பாண்டிய நாட்டின் துறைமுகம் இது. சங்க நூல்கள் சொல்லும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

நாங்கள் அங்கே கோட்டையையோ தூணையோ பார்க்கவில்லை. மேடும் முள்ளும் பானைச் சில்லுகளும்தான். ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம். ஒரு தம்பி சில்லு ஒன்றைப் பையில் போடப் போனார். இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். இடம் மாறிய ஓடு சாட்சி சொல்லாது.

அந்த ஓடுகள் என்ன சாட்சி சொல்கின்றன? கீழடியில் ஆதன், குவிரன் என்று சாதாரணப் பானைகளில் பெயர் பொறித்திருக்கிறார்கள். எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை. எழுத்து நமக்கு உரியதல்ல என்று நம் பாட்டன்மாரைத் தள்ளிவைத்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 'அன்று எல்லோரும் சமம்' என்று நாம் சொல்லிவிட முடியாது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்தில் தொங்கிய முத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கி மூழ்கியவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் எந்த ஓட்டிலும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் சூத்திரர் யார் என்றும், 1948இல் தீண்டப்படாதோர் யார் என்றும் தனித்தனி நூல் எழுதினார். பழம்பெருமைக்காக அல்ல. தீண்டாமை இயற்கையானதல்ல, மனிதர் உண்டாக்கியது என்று காட்டினால்தான் அதை ஒழிக்க முடியும் என்பதற்காக.

இதே வைகைக் கரையில்தான் பரமக்குடி இருக்கிறது. 1957 செப்டம்பர் 11 அன்று தியாகி இமானுவேல் சேகரன் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய பட்டினத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கரையின் இந்த வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தங்கச்சி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். பங்கு இருக்கிறது. மண் பிசைந்தது, சுமை தூக்கியது, கடலில் மூழ்கியது உழைக்கும் கைகள். இன்று அகழாய்வுக் குழியில் கூடை சுமப்பதும் சுற்றுவட்டாரத்துக் கூலிப் பெண்கள்தான். அடுத்த முறை ஒரு பழம்பொருளின் முன் நிற்கும்போது எந்த அரசன் காலம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் செய்தது, யார் தோண்டியெடுத்தது என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.