உரியவரற்ற உதிரம்

துப்பறியும் கதை என்றாலே பொழுதுபோக்குக்கென வந்த மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவது கற்றோர் சிலரின் வழக்கம். ஆனால் அக்கதை எழுப்பும் வினாவோ மிகப் பழைமையானது. "இவனைக் கொன்றவன் யார்?" என்பதே அவ்வினா. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமாகிய அல்பகரா, தன் பெயரைப் பெற்றதே, கொலையாளி இன்னானெனத் தெரியாத ஒரு கொலையோடு தொடர்புடைய பசுவின் வரலாற்றிலிருந்துதான் என்பதை நாம் அறிவோம்.

கொலையுண்டவன் வீடும் வாசலும் உடையவனாயின், அவனுக்காக வாதாட வாரிசுகள் வருவர். அலைந்து திரிந்தவனோ, ஏழையோ, பெயரும் ஊரும் அறியப்படாதவனோ கொலையுண்டால் அவனுக்காகக் கேட்பவர் யார்? அரபு மொழியில் தோன்றிய ஒரு சிறந்த குற்றப் புதினம் இவ்வினாவைத் தன் நடுவில் வைத்துள்ளது. தவ்ஃபீக் அல்ஹகீம் 1937-இல் வெளியிட்ட 'யவ்மிய்யாத்து நாயிபின் ஃபில் அர்யாஃப்' என்பதே அது. 'நாட்டுப்புறத் துணை அரசு வழக்கறிஞரின் நாட்குறிப்புகள்' என்று பெயரை விரிக்கலாம். அதன் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த மரபைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

தஜ்லா நதியில் ஒரு பெட்டி

ஆயிரத்தோர் இரவுகளில் 'மூன்று ஆப்பிள்கள்' என்றொரு கதை உண்டு. ஆந்துவான் காலான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் தம் மொழியில் பெயர்க்கத் துணைகொண்ட பழைய கையெழுத்துப் பிரதியிலேயே இது இடம்பெற்றுள்ளது. கலீஃபா ஹாரூன் ரஷீத் இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் வருகிறார். மீன் கிடைக்காமல் வறுமையை நொந்துகொண்டு செல்லும் முதியவர் ஒருவரைக் கண்டு, வலையில் வருவது எதுவாயினும் நூறு பொற்காசு தருவதாகக் கூறுகிறார். தஜ்லா நதியிலிருந்து வருவது பூட்டிய பெட்டி. அதனுள் துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடல்.

அப்பெண் யாரென்று எவருக்கும் தெரியாது. அவளைத் தேடி எவரும் முறையிடவும் இல்லை. ஆயினும் கலீஃபா கொதித்தெழுகிறார். தம் ஆட்சியில் ஓர் உயிர் கொல்லப்பட்டு நதியில் எறியப்பட்டால், மறுமை நாளில் அதன் பாரம் தம் கழுத்தில் விழும் என்பதே அவர் அச்சம். மூன்று நாளில் கொலையாளியைக் கொணராவிடில், அமைச்சர் ஜஃபருக்கும் அவர் உறவினர் நாற்பதின்மருக்கும் தூக்கு என ஆணையிடுகிறார். ஜஃபரோ துப்பறியும் வழி தெரியாமல் வீட்டில் அமர்ந்துவிடுகிறார். இறுதியில் கொலைகாரனாகிய கணவனே வந்து ஒப்புக்கொள்கிறான். அவனைப் பொய்யால் தூண்டிவிட்ட அடிமையோ ஜஃபரின் வீட்டைச் சேர்ந்தவனாகவே இருக்கிறான்! குற்றவாளியைத் தேடப் புறப்பட வேண்டியவரின் வீட்டுக்குள்ளேயே குற்றத்தின் வேர் இருந்தது.

கேட்கும் தொலைவு

கதையில் கலீஃபா கொண்ட அச்சம் கற்பனையன்று. சட்ட நூல்களில் அதற்கு ஆதாரம் உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் என்ற நபித்தோழர் கைபரில் கொலையுண்டு கிடந்தபோது, கொன்றவர் இன்னாரென நிறுவ இயலவில்லை. அவர் உதிரம் வீணாகிவிடலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே நூறு ஒட்டகங்களை இழப்பீடாக அளித்தார்கள். இந்நிகழ்ச்சியோடு தொடர்புடையதே 'கஸாமா' எனும் சத்தியப் பிரமாண முறை. இதன் விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் அரபு மதரஸாக்கள் பலவற்றில் ஓதப்படும் ஹனஃபி நூலாகிய ஹிதாயா கூறுவதை மட்டும் இங்கே சுருக்கித் தருவோம்.

ஒரு மஹல்லாவில் கொலையுண்ட உடல் கிடந்து, கொன்றவன் தெரியாவிடில், அம்மஹல்லாவாசிகளில் ஐம்பதின்மர் தாங்கள் கொல்லவில்லை, கொன்றவனை அறியவும் மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்ததோடு கடமை தீர்ந்துவிடாது. உயிர் ஈடான தியத்தையும் அவர்களே செலுத்த வேண்டும். ஊர்ப் பொதுவான ஜாமிஉ பள்ளிவாசலிலோ பெருந்தெருவிலோ உடல் கிடந்தால் பைத்துல்மால் அதனைச் செலுத்தும். வெட்டவெளியில் கிடந்தால், கூப்பிட்ட குரல் கேட்கும் தொலைவில் ஊர் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டெனில் அவ்வூரார் பொறுப்பாளிகள். ஃபுராத் போன்ற பெருநதியின் நடுவே வெள்ளம் இழுத்துச் செல்லும் உடலுக்குப் பொறுப்பாளி இல்லை. ஆனால் குறிப்பிட்ட சிலருக்கு உரிமையான சிறு கால்வாயில் கிடந்தால், அவ்வுரிமையாளரே பொறுப்பு.

இவ்விதிகளின் உட்பொருளைச் சிந்திக்க வேண்டும். 'கொன்றவன் யார்?' என்பதற்கு விடை கிட்டாதபோது, 'இவன் கூக்குரலைக் கேட்டிருக்க வேண்டியவர் யார்?' என்று சட்டம் கேட்கிறது. பெருநதி இழுத்துச் சென்ற உடலுக்குச் சட்டம் எவரையும் பிடிக்கவில்லை. கதையில் வரும் கலீஃபாவோ அந்நதியிலிருந்து வந்த உடலுக்கும் தம்மையே பொறுப்பாக்கிக் கொண்டார்.

நாடோடியும் சந்தேகமும்

வீடற்றோர் அரபு இலக்கியத்துக்குப் புதியவர் அல்லர். ஹிஜ்ரி 255-இல் மறைந்த ஜாஹிழ், உலோபிகளைப் பற்றிய தம் நூலில் பிச்சையெடுப்போரின் வகைகளையும் தந்திரங்களையும் விவரிக்கிறார். ஹரீரியின் ஐம்பது மகாமாக்களிலும் அபூ ஸைத் ஸரூஜி என்ற நாடோடி வேடம் மாறி மாறி வருகிறான். சிலுவைப் போராளரிடம் சொந்த ஊராகிய ஸரூஜை இழந்து அலைபவன் அவன். ஒவ்வோர் ஊரிலும் நாவன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பெறுகிறான். கதை சொல்லியாகிய ஹாரிது இப்னு ஹம்மாம் இறுதியில் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். இதுவும் ஒருவகைத் துப்பறிதலே. ஆனால் இங்கே நாடோடி எப்போதும் சந்தேகத்துக்குரியவன். அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் துப்பறிவோர் எவருமில்லை.

கால்வாய்க் கரையில் ஒரு வழக்கு

இம்மரபைத் திருப்பிப் போட்டவர் ஹகீம் (1898-1987). பாரிஸில் சட்டம் பயிலச் சென்று திரும்பிய அவர், எகிப்தின் நாட்டுப்புற நகரங்களில் குற்றங்களை விசாரிக்கும் துணை அரசு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். ஆதலின் அவர் கண்டதையே எழுதினார் எனலாம்.

கமருத் தவ்லா அல்வான் என்பவன் இரவில் சுடப்படுகிறான். ஊசலாடும் உயிரோடு அவன் சொல்வது 'ரீம்' என்ற ஒரே பெயர். ரீம் அவனுடைய மறைந்த மனைவியின் தங்கை. விசாரணைக் குழுவோடு ஒட்டிக்கொண்டு வருபவர் ஷைக் உஸ்ஃபூர்; வீடில்லை, வேலையில்லை, ஊர் அவரைப் பித்தரென்று கூறும். அவர் பாடித் திரியும் பாட்டில் வழக்கின் மர்மம் ஒளிந்திருப்பதாக வாசகனுக்குத் தோன்றுகிறது. காவல் அதிகாரியின் வீட்டில் தங்கவைக்கப்பட்ட ரீம், அந்தப் பித்தரோடு மறைந்துவிடுகிறாள். மொட்டைக் கடிதம் ஒன்று வருகிறது. அதன்படி கமருத் தவ்லாவின் மனைவியின் கப்று தோண்டப்பட, அவள் கழுத்து நெரிக்கப்பட்டது தெரிகிறது. பின்னர் ரீமின் உடலும் நீரில் மிதக்கிறது. முடிவில் குற்றவாளி 'தெரியாதவன்' என்று எழுதி வழக்கு மூடப்படுகிறது.

வீடற்ற ஷைக் இங்கே சந்தேகத்துக்குரியவர் மட்டுமல்லர், சாட்சியும் ஆவார். ஆனால் அவர் மொழி அறிக்கைத் தாளில் எழுதத்தக்க மொழியன்று. 1883-இல் பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவி எகிப்தில் நிறுவப்பட்ட நீதிமன்ற முறையும் உழவனுக்குப் புரியும் மொழியில் பேசவில்லை. கால்வாயில் துணி துவைத்த ஏழைக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. வேறு நீர் அவனுக்கு இல்லை என்பது சட்டத்துக்குத் தெரியாது. மக்கள் விருப்பம்போல் வாக்களிக்கத் தாம் விட்டுவிடுவதாகப் பெருமையடிக்கும் காவல் அதிகாரி, அந்த வாக்குப் பெட்டியைக் கால்வாயில் எறிந்துவிட்டு, தாம் நிரப்பிய பெட்டியை அனுப்பிவைக்கிறார். துணி துவைத்தால் குற்றமாகும் நீரில் வாக்குப் பெட்டி மூழ்கலாம். ஓர் ஏழைப் பெண்ணின் பிணமும் மிதக்கலாம். ஃபுராத்தைப் போல் உரியவரற்ற பெருநதியன்று அது. ஒவ்வொரு வாய்க்காலும் யார் வயலுக்குப் பாய்கிறது என்று ஊரறிந்த பூமி. அங்கேயே பொறுப்பாளி 'தெரியாதவன்' ஆகிவிட்டான்.

கொலையாளியைக் காட்டாமல் முடிவது இப்புதினத்தின் குறை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விடை கிடைத்திருந்தால் வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பான். விடை கிடைக்காமையால், சத்தியம் செய்ய அழைக்கப்பட்ட ஐம்பதின்மருள் ஒருவனாகத் தன்னை உணர்கிறான்.

பின்னர் நஜீப் மஹ்ஃபூழ் 1966-இல் எழுதிய 'தர்தரா ஃபவ்கன் நீல்' புதினத்தில், படகு வீட்டில் பொழுதைக் கழிக்கும் படித்தவர் கூட்டம் ஒன்று, இரவில் காரில் செல்கையில் யாரோ ஒருவனை மோதிக் கொன்றுவிடுகிறது. கொன்றவர் யாரென்பது அக்கூட்டத்துக்கு நன்கு தெரியும். செத்தவன் யாரென்பதுதான் தெரியாது. அதைச் சொல்வதா, மறைப்பதா என்று தர்க்கிக்கிறார்கள். ஹகீமின் புதினத்தில் மறைந்திருப்பவன் கொலையாளி. மஹ்ஃபூழின் புதினத்தில் பெயரற்றவன் கொலையுண்டவன். இரண்டிலும் கேட்பதற்கு ஆளில்லை.

'அடையாளம் தெரியாத ஆண் பிணம்' என்ற மூன்று வரிச் செய்தியை நாளிதழில் நாம் அடிக்கடி கடந்து செல்கிறோம். அத்தகையோரை எடுத்து நல்லடக்கம் செய்யும் நற்பணியில் நம் ஜமாஅத்தார் பலர் ஈடுபட்டிருப்பது போற்றத்தக்கதே. ஆனால் ஃபிக்ஹு நூல் கேட்பது அதனினும் முந்திய ஒன்றை. அவன் உயிரோடு கூப்பிட்டபோது, அக்குரல் கேட்கும் தொலைவில் இருந்தவர் யார்? அந்த வினாவுக்கு மறுமையில் விடையளிக்கும் நிலை நம்மில் எவருக்கும் நேராதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.