ஊவாவின் மலைச்சரிவுகளும் சூழலியற் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

உயிர்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள உறவினை ஆராய்வது சூழலியல். அவ்வறிவினை நிலம், நீர், காடு ஆகியவற்றின் பேணுகைக்குப் பயன்படுத்துவது பிரயோக சூழலியல் எனப்படும். இன்று அது பட்டப்பின்படிப்புக்குரிய தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையை நாடும் மாணவர்க்கு ஊவா மாகாணம், சிறப்பாகப் பதுளை மாவட்டத்துத் தோட்டப்பகுதி, நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாற்றுப் பாடமொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அம்மலைகளின் செடியும் புல்லும் மண்ணும் ஆராயப்பட்டன; ஆயின் அச்சரிவுகளிலே உழைத்து, அங்கேயே குடியிருந்த மக்கள் அவ்வாராய்ச்சியின் புறத்தே நிறுத்தப்பட்டனர். இப்புறக்கணிப்புச் சமூக அநீதி மட்டுமன்று, அறிவியலின் குறைபாடுமாகும் என்பதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1817-1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியைப் பிரித்தானியர் கொடுமையாக அடக்கினர். பின்னர், 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடியின் உடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலங்கள் தோட்டச் சொந்தக்காரர் கைக்கு மாறின. காடழித்துக் கோப்பி நடும் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். நிலமும் உழைப்பும் இவ்வாறு ஒருங்கே உலகச் சந்தையின் தேவைக்கு உட்படுத்தப்பட்டன.

இம்மாற்றத்தின் முதற் சூழலியல் விளைவு ஊவாவிலேயே வெளிப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியல் அறிஞர் பேர்க்லி அதனைப் புதிய பூஞ்சணமென இனங்கண்டு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் இரண்டாண்டுகள் தங்கி, அப்பூஞ்சணத்தின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். காற்றினாற் பரவும் அதன் வித்திகளுக்கு, இடையீடின்றிப் பரந்து கிடந்த ஒரே பயிர் வாய்ப்பாக அமைந்தது. உச்சநிலையில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் பரவியிருந்த கோப்பி, சில ஆண்டுகளில் வீழ்ந்தது.

ஒற்றைப் பயிரின் ஆபத்து இவ்வாறு தெளிவாகப் புலப்பட்ட பின்னரும் தோட்ட முதலாளிகள் முறையை மாற்றினார்களில்லை, பயிரையே மாற்றினர். கோப்பி நின்ற இடத்திலே தேயிலை நின்றது. நட்டத்தின் சுமையோ தொழிலாளர் தலையிலும் விழுந்தது. நிலுவைக் கூலியை இழந்தோரும், வேலையின்றி மீண்டும் கடல் கடந்தோரும் பலர்.

ஊவாவின் புல்நிலங்களும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. சிங்களத்தில் ‘பத்தன’ எனவும் மலையகத் தமிழிற் பத்தனை எனவும் வழங்கும் இந்நிலங்கள் பற்றிப் பியர்சன் எழுதிய தாவரவியல் ஆய்வு 1899 இல் வெளிவந்தது. பத்தனை இயற்கையாகவே அமைந்ததா, அன்றிக் காட்டினைத் தொடர்ந்து தீயிட்டமையால் உண்டாயதா என்பது அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட வினாவாகும். இது வெறும் ஏட்டு வினாவன்று. பத்தனையைப் பாழ்நிலமெனக் கொண்டால் அதில் எதனையும் நடலாம். தனக்கெனச் சூழற்றொகுதியுடைய நிலமெனக் கொண்டால் அதனைப் பேணவேண்டும். பிற்காலத்தில் அங்கு யூக்கலிப்டஸ், பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டமை, முதற் கருத்தே நடைமுறையில் வென்றதைக் காட்டுகின்றது.

மண்ணின் வரலாறு இதனினும் துயரமானது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதவாறு நிலத்தைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணமென நெடுங்காலம் கருதப்பட்டது. தொழிலாளர் சுரண்டி கொண்டு களை அகற்றியபோது மேல்மண்ணும் உடன் பெயர்ந்தது. ஊவாவில் ஆண்டின் நடுப்பகுதியில் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணமாகிய அதே வறட்சி, மண்ணையும் காய வைக்கின்றது. அதன்பின் ஒக்டோபர் தொடக்கம் பெய்யும் கனமழை, மூடுபயிரற்ற சரிவினை அரித்துச் செல்கின்றது. 1931 இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951 இல் மண் பேணற் சட்டம் நிறைவேறியது.

இவ்விடத்து மற்றோர் ஆண்டினையும் நாம் நினைவுகூர வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மண்ணைக் காக்கச் சட்டம் பிறந்தபோது, அம்மண்ணிற் கான் வெட்டியும் கல்லணை கட்டியும் நீரின் போக்கை அனுபவத்தால் அறிந்திருந்த மக்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியராயிருந்தனர். காணியுரிமையும் வாக்குரிமையும் அற்றவரிடம் சரிவின் நிலைமை பற்றி எவரும் உசாவ வேண்டிய தேவை எழவில்லை.

இப்பிரிவின் விலை 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் வெளிப்பட்டது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அறிவு இல்லாமையால் நேர்ந்த அழிவன்று அது. எச்சரிக்கை இருந்தது, பெயர்ந்து செல்வதற்குச் சொந்த நிலந்தான் இருக்கவில்லை. லயன் அறை தோட்டத்துக்குரியது. அதிலிருந்து வெளியேறுபவர் தம் தொழிலையும் உறவையும் உடன் இழக்கும் நிலையில், ‘எழுந்து செல்லுங்கள்’ என்னும் அறிவுரை அரைப் பயனே தரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் பெருமழையாற் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு இலக்கானமை, இவ்வினா இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதனை உணர்த்துகின்றது.

தோட்ட மக்களும் விறகுக்காக மரம் தறிக்கின்றனர், லயன்களையடுத்த செங்குத்தான நிலத்தில் மரக்கறி பயிரிடுகின்றனர், அதனால் மண் தளர்கின்றது எனச் சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் எரிபொருளுக்கு வேறு வழியற்றவனையும், பல்லாயிரம் ஏக்கர் காட்டினை அழித்த மூலதனத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் வரலாற்று நோக்காகாது.

இனிக் கல்வியை நோக்குவோம். 1945 இல் நாட்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. 1970களிலேயே அவை அரசாற் பொறுப்பேற்கப்பட்டன. பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் 1975 இல் தோன்றியபொழுது, அதன் வாயிலை எட்டக்கூடிய தோட்டப் பிள்ளைகள் மிக அரியர். 2005 இற் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழினுட்பம் கற்பிக்கப்படும் அக்கழகம், தோட்டங்களின் நடுவிலேயே அமைந்துள்ளமை ஒரு நல்வாய்ப்பு.

அவ்வாய்ப்புப் பயன்தர வேண்டுமாயின் மூன்று செயல்கள் இன்றியமையாதன. முதலாவது, ஊவாவின் சரிவுகளை ஆராயும் பட்டப்பின்படிப்பு மாணவர், கான் அடைபட்டதையும் ஊற்று இடம்மாறியதையும் சுவரில் வெடிப்புத் தோன்றியதையும் முதலிற் காணும் தொழிலாளரின் அறிவைச் சான்றாக ஏற்றுப் பதிதல் வேண்டும். இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வின் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அம்மக்களுக்குத் திரும்பிச் செல்லல் வேண்டும். மூன்றாவது, காணியுரிமையைச் சூழலியலுக்குப் புறம்பானதாகக் கருதும் மனப்பான்மை மாறவேண்டும். பாதுகாப்பான நிலத்தில் உரிமையுள்ள வீடு என்பது, மலைநாட்டைப் பொறுத்தவரை, பேணுகைத் திட்டத்தின் ஒரு கூறேயாகும்.

மடுல்சீமையின் கோப்பி இலையில் முதலில் எழுதப்பட்ட பாடம், மீரியாபெத்தையின் மண்ணில் மீண்டும் எழுதப்பட்டது. பிரயோக சூழலியல் என்னும் தொடரிற் ‘பிரயோகம்’ யாருக்காக என்னும் வினாவை எழுப்பாத கல்வி, அதனை மூன்றாம் முறையும் வாசிக்கத் தவறிவிடும்.